சிவப்பு என்றால் ஒரு புள்ளி

ஆவணக் காப்பகத்தில் வேலை என்றால் பழைய கடதாசிகளைக் காப்பது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, வருகிறவர்களின் பேனையை வாங்கி வைத்துவிட்டுப் பென்சிலைக் கொடுக்கிற வேலை. பென்சில் கோடு பட்டால் அழிக்கலாம், பேனை மை பட்டால் போகாது. என்னைப் போலக் காப்பகத்திலோ நூலகத்திலோ மேசைக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. நான் நிற்பது கனடாவின் மொன்றியலில், ஒரு பல்கலைக்கழகத்தில். இலையுதிர் காலம் வந்தால் எங்களிடம் அதிகம் கேட்கப்படுவது ஒரு சாம்பல் நிறப் பெட்டி. நூறு வருடங்களுக்கு முன்பு எங்கள் புட்போல் அணி விளையாடிய ஒரு பருவம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

பெயர்

வாசலில் காவலுக்கு இருக்கும் கந்தண்ணை யாழ்ப்பாணத்தில் உதைபந்தாட்டத்தில் கோல் காத்தவர். ஒருநாள் மேசையில் கிடந்த அணியின் படத்தைக் கண்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். மீசை வைத்த ஆட்கள் இரண்டு வரிசையில் இருந்தார்கள். நடுவில் இருந்தவரின் மடியில் இரு முனையும் கூரான பந்து. இங்கே புட்போல் என்றால் இதுதான், கையில் தூக்கிக்கொண்டும் ஓடலாம் என்றேன்.

"காலும் முக்கியமில்லை, பந்தும் உருண்டையில்லை. பேந்து என்னத்துக்குப் பிள்ளை புட்போல் எண்டு பேர்?"

தேடல்

பிரபு சென்னையில் இருந்து படிக்க வந்தவர். அந்தப் பருவத்தைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். பெட்டியில் இருந்த ஒட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். ஒவ்வொரு போட்டியின் பத்திரிகைச் செய்தியையும் யாரோ வெட்டி ஒழுங்காக ஒட்டியிருக்கிறார். பக்கத்தை மேல் மூலையில் பிடித்து எப்படித் திருப்புவது என்றும் காட்டினேன். பிறகு இரண்டு கிழமை ஒரு வரி விடாமல் படித்தவர் அவர்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஆனால் முதல் நாள், மூன்று பக்கம் திருப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, இதுல சர்ச் பண்ண எங்க தட்டணும்?"

நான் செய்த பிழை

பக்கத்து நகரமான லவாலில் இருந்து சுமதி தன் மாமனாரை மெட்ரோவில் கூட்டி வந்தார். மாமனார் பிரெஞ்சு பேசும் கெபெக்காரர், எண்பத்தைந்து வயது, ஹொக்கி தவிர வேறு விளையாட்டுத் தெரியாது. அவருடைய அப்பா அந்த அணியில் ஆடியவர். "கடைசிப் போட்டியில் என்னால்தான் தோற்றோம்" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அது உண்மையா என்று மகனுக்குத் தெரிய வேண்டும். பார்வை மங்கிவிட்டதால் நான்தான் வாசித்தேன்.

செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு பிரெஞ்சுச் சொல்: ரூஜ். சிவப்பு. உதைபந்தாட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு மைதானத்தில் சிவப்பு என்றால் ஒன்றுதான். நடுவர் அவரை வெளியேற்றியிருக்கிறார் என்று சொன்னேன். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். மேலே வாசிக்க விடவில்லை. போகும்போது சுமதி மட்டும் திரும்பி வந்தார்.

"தோத்தது தகப்பனாலையோ எண்டு கேக்க வந்த மனுசனை, தகப்பனைத் துரத்தினவங்கள் எண்டு சொல்லி அனுப்பிறியள், அக்கா."

கணக்கு

அடுத்த மேசையில் இருந்த பிரபு எழுந்து வந்தார். "சிவப்பு அட்டையெல்லாம் அப்போ ஏதுக்கா? ரூஜ்னா ஒரு பாயின்ட்" என்றார். எதிரணி உதைத்த பந்தைத் தன் அணியின் எல்லைக் கோட்டுக்குப் பின்னால் பிடித்தவர், வெளியே ஓடிவர முன் மடக்கப்பட்டால் எதிரணிக்கு ஒரு புள்ளி. அன்று அப்படி மடக்கப்பட்டவர் கிழவரின் அப்பா. அவ்வளவுதான். நான் செய்தியின் கடைசி வரிவரை வாசித்தேன். பிறகு சுமதிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள். முதலில் என் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கிழவர் பூதக்கண்ணாடியை வாங்கி, கடைசி வரியைத் தானே எழுத்தெழுத்தாக வாசித்தார். அணி தோற்றது மூன்று புள்ளிகளால். நான் கொடுத்த பென்சிலால் கடதாசியில் மூன்று என்று எழுதி, அதில் ஒன்றைக் கழித்தார். அந்த ஒரு புள்ளி போகாவிட்டாலும் தோல்விதான். பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அப்பா ஆயுள் முழுக்க எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். வீட்டில் ஒருவருக்கும் கழித்தல் வரவில்லை."

வருகிறவர்களையெல்லாம் பென்சிலால் எழுதச் சொல்கிற நாங்கள், பேசும்போது மட்டும் பேனையால் பேசிவிடுகிறோம்.