பூவரசம் பலகையில் வெட்டிய பகல்

பேரன் ஒரு படக்கதைப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் போட்டான். பாதாளக் குகைக்குள் ஒருவன் போகிறான். குகை முழுக்க மஞ்சள் வெளிச்சம். எனக்கு அலுப்புத்தான் வந்தது. வெளிச்சம் இவ்வளவு மலிந்துபோயிற்றா?

யுத்த காலத்தில் அச்சுவேலிச் சந்தைக்குப் பக்கத்து அச்சுக்கூடமொன்றில் எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வந்த மாதப் பத்திரிகைக்கு வீரசாகசத் தொடர்கதையும் எழுதினேன், கேளுங்கள், மீசை அரும்பின வயதுத் திமிர்! கதாநாயகன் கையில் பந்தத்தோடு ஒரு பாழுங்கிணற்றுக்குள் இறங்கினான். இறக்கிவிட்டேனே தவிர, ஏற்றுகிற வழி எனக்குத் தெரியவில்லை.

படம் வெட்டியவர் பொன்னுத்துரை அண்ணை. பூவரசம் பலகையில் உளியால் தோண்டிய இடம் தாளில் வெள்ளையாக விழும். தொடாமல் விட்ட இடம் கறுப்பு. "தம்பி, உவன் கீழையே கிடக்கட்டும். இருட்டெண்டால் சும்மா விட்டாக் காணும். வெளிச்சத்துக்குத்தான் கை முறியும்" என்பார். பந்தத்தைச் சுற்றி நாலு கீறல், வேலை முடிந்தது. இரண்டு சோம்பேறிகளும் சேர்ந்து அவனை மாதக்கணக்கில் நிலத்துக்கடியில் வைத்திருந்தோம்.

அண்ணையின் மனைவி அன்னம் அக்கா நெஞ்சு வருத்தத்தோடு தெல்லிப்பழையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். எழுத்து வாசிக்கத் தெரியாது. படத்தைப் பார்த்தே கதையைப் பிடித்துவிடுவார். போகும்போதெல்லாம் அதே கேள்விதான்.

"உந்தப் பெடியன் எப்ப மேலை வருவான்?"

"அடுத்த மாதம்" என்போம்.

பிறகு கடதாசி வரத்து நின்று பத்திரிகையும் நின்றது. அக்காவுக்கு இனிச் சில நாட்கள்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணை புதுப் பலகையொன்றை எடுத்து வைத்துக் குனிந்தார். கிணற்றுக் கட்டு, ஒரு பனை, நடுவில் அவன். மீதி முழுவதும் பகல். தோண்டித் தோண்டி விரல்கள் கொப்பளித்துவிட்டன. நான் உளியைக் கேட்டேன். "விடு தம்பி" என்றார். மிஞ்சிக் கிடந்த நல்ல தாளில் ஒரேயொரு பிரதி அடித்துக்கொண்டு போனோம்.

அக்கா அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "அப்பாடா, வந்திட்டான்! நடு வெயிலுக்கை நிக்கிறான், பாவம். தலையிலை ஒரு துண்டைப் போட்டுவிடுங்கோவன்" என்றார் அண்ணையிடம். நான் வெளியே போய் நின்று அழுதேன்.

படம் அவரோடு சிதைக்குப் போயிற்று. பலகைக்கும் தட்டுப்பாடு, அண்ணையே அதைச் சீவி, யாரோ வீட்டுக் கலியாண அழைப்பிதழுக்கு நிறைகுடம் வெட்டினார். இப்போது அச்சுக்கூடமும் இல்லை, அண்ணையும் இல்லை. அந்தக் கதையை வாசித்தவர்கள் யாராவது எங்காவது உயிரோடிருந்தால், அவர்களுக்கு அவன் இன்னும் கீழேதான் நிற்கிறான்.