இரண்டு படைக்கும் ஊத்தை பூசியவன்

புது உடுப்பைப் பழசாக்கச் சம்பளம் கொடுப்பார்கள் என்றால் எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள். சண்டைப் படத்தில் ஒருவன் புதுச் சட்டையோடு செத்து விழுந்தாலும் அவர்கள்தான் முதலில் சிரிப்பார்கள். லைப்சிக் பக்கத்தில் பழைய காலச் சண்டை ஒன்றைப் படமாக எடுத்தபோது மூன்று மாதம் அந்த வேலை செய்தேன். பிரெஞ்சுப் படை, பிரஷ்யப் படை, இரண்டின் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லும் படம் என்றார்கள். எனக்கு வேண்டியது ஒன்றுதான். படம் முடிய வேலை செய்தவர்களின் பெயர்கள் ஓடுமே, அதில் என் பெயரும் ஓட வேண்டும். அதற்கு முன் பத்து வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி லோண்டரியில் கறை எடுத்தேன். ஒருவரும் என் பெயரை எங்கும் எழுதவில்லை. பின்கதவால் வேலைக்குப் போய்ப் பின்கதவால் வந்த உங்களுக்கு இது விளங்கும்.

முதல் நாள்

உடுப்புப் பகுதிக்குப் பொறுப்பு ரெனாட்டே என்ற பெண். நான் போனபோது அவர் வந்திருக்கவில்லை. கொழுவியில் ஒரு படைச்சட்டை தொங்கியது. சேறு, இரத்தக்கறை, முழங்கையில் கிழிசல். லோண்டரிக்காரன் கை சும்மா இருக்குமா? தோய்த்து, காயவைத்து, கிழிசலைத் தைத்து, ஸ்திரி போட்டு மாட்டிவிட்டேன். மற்றச் சட்டைகள் எல்லாம் எப்படி இருக்க வேண்டும் என்று ரெனாட்டே நாலு நாள் இருந்து செய்த மாதிரிச் சட்டை அது. அவர் வந்து அதைக் கொழுவியால் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மூன்று நாள் சண்டை பிடித்தவனை நீ திரும்பத் தாயிடமே அனுப்பிவிட்டாய்."

ஊத்தைக்கும் நியாயம்

அன்றே சீஸ் துருவி ஒன்றைக் கையில் தந்தார். அதால் முழங்கையைத் தேய்த்தால் ஒரே நாளில் பத்து வருடப் பழசு. கழுத்துப்பட்டிக்குத் தேயிலைச் சாயம். சேறு மட்டும் என் சொந்தக் கலவை. அதை இன்றுவரை ஒருவருக்கும் சொல்லவில்லை.

ஒரு பகல் இரண்டு படையும் என்னிடம் வந்தன. இரண்டு பக்கமும் ஜெர்மன்காரர்தான், நாள் சம்பளத்துக்கு நடிக்க வந்தவர்கள். தங்களில் சேறு குறைவு, பார்க்கிறவர்கள் தங்களைச் சண்டைக்குப் போகாமல் ஒளித்திருந்தவர்கள் என்று நினைப்பார்கள் என்றது பிரஷ்யப் பக்கம். பிரெஞ்சுப் பக்கத்துக்குச் சேறு கூடிப்போனதாம். அவர்களின் தளபதி, மற்ற நாட்களில் பஸ் ஓட்டுகிறவர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்:

"நாங்கள் தோற்றவர்கள்தான், ஆனால் குளிக்காதவர்கள் இல்லை."

ஒரே நீலம்

இரண்டு படைக்கும் சட்டை நீலம். கழுத்துப்பட்டியையும் மார்புப் பட்டியையும் பார்த்துத்தான் ஆளைப் பிரிக்கலாம். அதன் மேலும் நான் சேறு பூசிவிட்டேன். மழையும் பெய்தது. கமரா ஓடத் தொடங்க, பிரஷ்யன் பிரஷ்யனையே குத்த ஓடுகிறான், பிரெஞ்சுக்காரன் எதிரியின் கையைப் பிடித்துத் தூக்கிவிடுகிறான். படவேலை ஆட்கள் எல்லாருக்கும் மேலாளான யூர்கன் எல்லாருக்கும் முன்னால் என்னைக் காட்டி, "எல்லாம் இவனால்தான்" என்று கத்தினான். இயக்குநர் வந்து அந்தச் சேற்றைத் தொட்டுப் பார்த்தார். ஆள் அடையாளம் தெரியாததுதான் உண்மையான சண்டை என்று அவருக்குப் பிடித்துவிட்டது. உடனே யூர்கன், அது தன்னுடைய யோசனை என்றான். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை. ஆனால் இயக்குநர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார்:

"ஒன்றையும் கழுவாதே, உன் பெயர் படத்தில் வரும்."

தேவதாஸின் கேள்வி

சாப்பாட்டு வான் ஓட்டிவந்தவன் மன்னார்ப் பொடியன் தேவதாஸ். பொடியன் என்றாலும் நாற்பது வயது. சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டான்: "அண்ணை, இதில நல்லவை ஆர்?"

"ரெண்டு பக்கமும்தான்."

"கெட்டவை?"

"அதுவும் ரெண்டு பக்கமும்தான்."

அகப்பையால் சூப்பைக் கலக்கினான். "எங்கட சண்டையையும் ஒருத்தன் இப்பிடி எடுப்பானோ?"

"ஓம், எடுப்பான். உடுப்பு வேலைக்கு என்னைத்தான் கூப்பிடவேணும்" என்றேன் பெருமையாக. அவன் சிரிக்கவில்லை. அகப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

"அப்பவும் ரெண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுதான் பூசுவியளோ அண்ணை?"

பாஸில் உள்ள பெயர்

கடைசிக் கிழமை பெயர் எழுதித் தரச் சொன்னார்கள். எங்கள் முறைப்படி தகப்பன் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, 'சி. கனகரத்தினம்' என்று ஜெர்மன் எழுத்தில் கவனமாக எழுதினேன். யூர்கன் என் பாஸை, அதுதான் பாஸ்போர்ட்டை, வாங்கிப் பார்த்தான். அதில் குடும்பப் பெயர் என்ற இடத்தில், ஊரைவிட்டு ஒருநாளும் வராத என் ஐயாவின் பெயர் இருக்கிறது. அகதியாக வந்து இறங்கிய நாளில் ஒரு அலுவலர் செய்த வேலை. கனகரத்தினத்தை வெட்டிவிட்டு ஐயாவின் பெயரை எழுதினான். அது ஐயா, நான் இல்லை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் மூன்று தரம் சொன்னேன். அவன் பேனையை மூடினான்.

"உன்னுடைய பெயரை உன்னைவிடப் பாஸுக்குத்தான் நன்றாகத் தெரியும்."

தியேட்டரில்

படம் வந்தது. மனைவியையும் அவவின் தம்பி குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போனேன். திரையில் இரண்டு தளபதிகளும் அழுதார்கள், சனமும் அழுதது. நான் முழங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு குறை சொல்ல ஏலாது. படம் முடிய எல்லாரும் எழும்பிப் போய்விட்டார்கள், நாங்கள் மட்டும் இருந்தோம். கடைசியில், வான் ஓட்டினவர்களுக்குச் சற்று மேலே, 'சின்னத்துரை' என்று ஒரு பெயர் ஏறிப் போனது. அவ்வளவுதான். மனைவி என் பக்கம் திரும்பினா:

"மாமாவுக்கு எப்பவப்பா விசா கிடைச்சது?"

மூன்று மாதம் இரண்டு படைக்கும் குறை வைக்காமல் சேறு பூசியவன் நான், அந்தச் சண்டையில் பெயர் வாங்கியவர் எந்தச் சண்டைக்கும் போகாத என் ஐயா.