சிவப்புக் கம்பி

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் வீட்டுக்காரர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாருக்குப் போனார். அறுபதுகளின் தொடக்கம் அது. மதியம் டாங்கா குதிரைவண்டியில் வந்து இறங்கியபோது மடியில் ஓர் இரும்புப் பெட்டி. முகத்தில் வட்டமாக ஒரு பச்சைக் கண்ணாடி, சுற்றிலும் திருகுகள். ஆசிலாஸ்கோப்பாம், ஜெர்மனிச் சரக்காம். ரேடியோவுக்குள் ஓடும் கரண்டைக் கோடாக வரைந்து காட்டுமாம். பிம்ப்ரி தொழிற்சாலையில் அந்த மாதிரிப் பெட்டிகளோடுதான் அவருக்கு வேலை. வீட்டிலும் ஒன்று இருந்தால் நாங்கள் குடியிருந்த புனே கேம்ப் முழுவதற்கும் ரேடியோ பழுது பார்க்கலாம் என்று ஆசை. எனக்கு அதைப் பார்த்தவுடனே பிடிக்கவில்லை.

பெட்டியின் ஒயரில் பிளக் இல்லை. யாரோ வெட்டி எடுத்திருந்தார்கள். ரப்பரைச் சீவியதும் உள்ளே சிவப்பு, கருப்பு, சாம்பல் என்று மூன்று கம்பிகள். நம் ஊரில் சிவப்பில் கரண்ட் வரும், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த். அவர் யோசிக்கவே இல்லை. சிவப்பைப் புதுப் பிளக்கின் கரண்ட் முனையில் முடுக்கினார், கருப்பை நியூட்ரலில். பச்சை இல்லாததால் மிச்சமிருந்த சாம்பல் எர்த் ஆகிவிட்டது. ஜெர்மனியில் அந்தக் காலத்தில் சிவப்புதான் எர்த் என்பதும், அதை நேரே பெட்டியின் இரும்பு உடம்பில் திருகியிருப்பார்கள் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

சுவிட்சைப் போட்டார். கரண்ட் பெட்டியின் உடம்புக்கே போனதால் உள்ளே விளக்கு எரியவில்லை, சத்தமும் இல்லை.

"செத்த பெட்டியத் தலையில கட்டிட்டான் பாரு" என்று பஜார்க்காரனைத் திட்டிக்கொண்டே, சுவிட்சை அணைக்காமல் பின்பக்கக் குழாயில் கைகால் கழுவப் போனார்.

நான் ஈரத்துணியோடு மேஜையைத் துடைக்கப் போனேன். விரல் முட்டி பெட்டியில் பட்டதுதான் தெரியும். தோள்வரை வெட்டி இழுத்தது, துணி எங்கேயோ போய் விழுந்தது. வீட்டுக்குள் செருப்புப் போடும் வழக்கம் எங்கள் ஆட்களிடம் கிடையாது. புனேயின் மழைக்காலத் தரை ஒத்துக்கொள்ளாமல் நான் மட்டும் ரப்பர் செருப்போடு திரிவேன். அதற்காக அவர் எனக்கு வைத்த பெயர் துரைசாணி. அந்தச் செருப்புதான் என்னை விட்டுவைத்தது.

அதற்குள் அவர் வந்துவிட்டார். வெறுங்கால், ஈரம் சொட்டும் கை.

"தொடாதீங்க, கரண்ட் அடிக்குது!"

"வெளக்கே எரியல, கரண்ட் எங்கேருந்து வரும்? ஈரக்கையோட சுவிட்சத் தொட்டிருப்ப."

"பெட்டியத்தாங்க தொட்டேன்."

"சரி, நான் தொட்டுக் காட்டுறேன். அப்புறமாவது வாய மூடுறியா?"

எதையும் செய்து காட்டித்தான் ஜெயிப்பார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பெட்டிக்குக் கரண்ட் தரும் சுவர் சுவிட்ச் அவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. கையைப் பிடித்து இழுக்கவும் பயம், போனால் இரண்டு பேருமாகப் போவோம். எனக்குப் பின்னால் வாசல் சுவரில் மெயின் சுவிட்ச். ஓடிப்போய்க் கைப்பிடியைக் கீழே இழுத்தேன்.

திரும்பிப் பார்த்தபோது உள்ளங்கை முழுவதையும் பெட்டி மேல் பரப்பி வைத்திருந்தார்.

"பாத்தியா துரைசாணி? கரண்டாம், கரண்ட்!" சிரித்தார்.

"மெயின அணைச்சிருக்கேன்" என்றேன்.

சிரிப்பு குறைந்தது, நம்பிக்கை மட்டும் வரவில்லை. "போடு, டெஸ்டர் வச்சுப் பாத்துருவோம்" என்றார். என் செருப்பைக் கழற்றி அவர் காலில் மாட்டவைத்த பிறகே மெயினைப் போட்டேன். அவர் கையின் ஈரம் மூடியில் ஐந்து விரலோடு அப்படியே பதிந்திருந்தது. டெஸ்டரின் நுனியை அதன் நடுவில் வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு எரிந்தது.

டெஸ்டரை எடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எப்ப அணைச்ச?" என்றார்.

"நீங்க பெட்டியத் தொடக் கையத் தூக்கினப்ப."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.