பச்சைத் துணிக்கு அடியில் இருந்த கை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னோடு சண்டைக்கு வரக் கூடாது. பேய் என்றால் நடுராத்திரி, சுடுகாடு, மல்லிகைப்பூ வாசனை என்று எதிர்பார்க்கிறவர்கள் ஏமாந்துதான் போவீர்கள். இது பட்டப்பகலில், சாப்பிட்ட சாப்பாடு கண்ணைச் சொக்க வைக்கிற நேரத்தில், பம்மலில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில் நடந்தது. கீழே மருந்துக் கவுண்டரில் பத்துப் பேர் டோக்கனோடு நின்றிருந்தார்கள். மேலே விமானம் ஒன்று கட்டடம் அதிரத் தாழப் பறந்து போனது. அப்படிப்பட்ட நேரத்தில்தான்.

ஜெயஸ்ரீ என்னிடம் இதை மூன்று முறை சொல்லியிருக்கிறாள். மூன்று முறையும் அதே மணி, அதே நிமிடம், அதே வார்த்தைகள். கதை கட்டுகிறவள் இல்லை. பொழிச்சலூரில் வீடு, பதினோரு வருட நர்ஸ் வேலை. பல்லி மேலே விழுந்தால்கூட அதைத் தட்டிவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்கிற ஆள் அவள்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. கண்புரை ஆபரேஷனுக்கு முழு மயக்கம் தருவதில்லை. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள், அவ்வளவுதான். ஆள் விழித்தபடி படுத்திருப்பார். தலை முதல் கால் வரை பச்சைத் துணி, ஆபரேஷன் செய்கிற கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை. பயத்தில் சிலருக்கு உடம்பு உதறும். அதற்கு மாத்திரை எதுவும் கிடையாது. ஒரு நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, துணிக்கு அடியில் கையை விட்டு, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் பேச்சுக் கொடுப்பாள். அந்தக் கையும் குரலும்தான் மருந்து. நோயாளி வாயைத் திறந்தால் தலை அசையும். அதனால் இருமல் வருகிற மாதிரி இருந்தால் நர்ஸின் கையை இரண்டு முறை அமுக்க வேண்டும். அவள் சொன்னதும் டாக்டர் கருவியைக் கண்ணிலிருந்து எடுத்துவிடுவார்.

வழக்கமாகக் கை பிடிக்கிறவள் ஏஞ்சல். போன நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல். ஜெயஸ்ரீ கீழே வரிசையாகக் கண்களுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள். கை கழுவி, உடை மாற்றி, அவள் தியேட்டருக்குள் நுழைந்தபோது மணி 2.16. விளக்குகளை அணைத்துவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பின் வெளிச்சம் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு அந்தக் கண்ணின் மேல் விழுந்திருந்தது.

டாக்டர் ராஜகோபாலன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். அவளைக் கிட்டே கூப்பிட்டு, காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“இவருக்கு இந்த ஒரு கண்ணுதான். இன்னொண்ணு எப்பவோ போயிடுச்சு. போன வாரம் துணியைப் போட்டதும் மூச்சு முட்டுதுன்னு டேபிள்லேருந்து எறங்கி ஓடிட்டார். நுரையீரல் ரொம்ப வீக், மயக்கத்துக்கு எதுவும் குடுக்க முடியாது. அசைஞ்சார்னா இந்தக் கண்ணும் போச்சு. பேசிக்கிட்டே இருங்க.”

பெயர் தாமோதரன். வயது அறுபத்தொன்று. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பம், மீன்பிடித் தொழில். அவரைப் பற்றி ஜெயஸ்ரீக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வலது பக்கம் கருவித் தட்டோடு டெக்னீஷியன் பிரேம் நின்றிருந்தான். இடது பக்கம் ஸ்டூல் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்து, துணிக்கு அடியில் கையை விட்டாள்.

கை அங்கே தயாராக இருந்தது. அவள் தேடவே இல்லை, அதுவே வந்து பிடித்துக்கொண்டது.

சில்லென்றிருந்தது. ஏசி குளிர் என்று நினைத்தாள். ஈரமாக இருந்தது. பயத்தில் வேர்த்திருக்கிறது என்று நினைத்தாள். விரல் நுனிகள் ரொம்ப நேரம் தண்ணீரில் கிடந்ததுபோல் சுருங்கியிருந்தன. அதற்கு அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

“ஐயா, நான் ஜெயஸ்ரீ. பக்கத்துலயே இருக்கேன். இருமல் வந்தா என் கைய ரெண்டு தடவ அமுக்குங்க.”

மானிட்டர் சீராகச் சத்தமிட்டுக்கொண்டிருந்தது. டிக்... டிக்... நாடி 74. மணி 2.21.

ஏஞ்சல் எல்லாருக்கும் சொல்கிற கதை ஒன்று உண்டு. கடல், படகு, இதமான காற்று. மீனவருக்கு இதைவிடப் பொருத்தமாக வேறு என்ன இருக்கப்போகிறது என்று ஜெயஸ்ரீ அதையே எடுத்துக்கொண்டாள். பாவம், நல்லது என்று நினைத்துத்தான் செய்தாள்.

“மனசுல பாருங்க ஐயா. போட்டுல போறோம். நல்ல காத்து. கரை சின்னதா தெரியுது. இன்னும் உள்ள போறோம்...”

கை இறுகியது.

“ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க. சுத்தி தண்ணி மட்டும்தான்...”

கை நடுங்க ஆரம்பித்தது. அவள் விரல்களை எலும்பு நோகும்படி நெரித்தது. ஜெயஸ்ரீ மானிட்டரைப் பார்த்தாள்.

74.

பதினோரு வருடத்தில் இப்படி அவள் பார்த்ததில்லை. இவ்வளவு பயந்தவருக்கு நாடி நூறைத் தாண்டியிருக்க வேண்டும். துணியின் மேல் அவர் மார்பு நிதானமாக ஏறி இறங்கியது. கண் அசையவே இல்லை. ஆள் அமைதியாகத்தான் படுத்திருந்தார்.

கை மட்டும் பயந்திருந்தது.

2.27. இரண்டு விரல்களை மெல்ல நகர்த்தி மணிக்கட்டில் வைத்தாள். நாடி பார்ப்பது அவளுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

நாடி இல்லை.

விரல்களை இடம் மாற்றி வைத்தாள். மானிட்டர் சொன்னது... டிக்... டிக்... விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை. வெறும் குளிர்.

ஜெயஸ்ரீ கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அது விடவில்லை.

அலறல் தொண்டை வரை வந்துவிட்டது. எதிரே மைக்ராஸ்கோப் திரையில் அந்தக் கண் பெரிதாகத் தெரிந்தது. ஊசி முனை உள்ளே இருந்தது. அவள் இப்போது கத்தினால் பெரியவருக்குத் தூக்கிவாரிப்போடும். ஒரே கண்.

அலறலை விழுங்கினாள்.

“ஜெயஸ்ரீ, பேச்ச நிறுத்திட்டீங்க,” என்றார் டாக்டர்.

“இதோ சார்.”

பயந்த கைக்கு அவளுக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். அது யார் கையாக இருந்தால் என்ன.

“திரும்பிட்டோம்,” என்றாள். குரல் தன்னுடையதுபோல் இல்லை. “கரைக்குத்தான் போறோம். நான் கூடவே இருக்கேன். விட மாட்டேன்.”

கை கொஞ்சம் தளர்ந்தது.

2.31.

அமுக்கியது... ஒரு முறை.

இரண்டு முறை.

“சார், எடுத்துடுங்க.”

டாக்டர் கருவியை வெளியே எடுத்தார். எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்று... இரண்டு... மூன்று...

பெரியவரின் உடம்பு துள்ளியது. அடிவயிற்றிலிருந்து ஓர் இருமல். தலை ஒரு சாண் எழும்பி மேஜையில் விழுந்தது.

பிரேம் மூச்சை விட்டான். “ஊசி உள்ள இருந்திருந்தா அவ்ளோதான் சார்.”

டாக்டர் வேலையைத் தொடர்ந்தார். ஜெயஸ்ரீயும் தொடர்ந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் தாரையாக வழிந்து முகமூடியை நனைத்தது. அவ்வளவு பயம். ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தாள்.

“கரை வந்துடுச்சு. காலுக்கு மணல் தட்டுது. எறங்குங்க... மெதுவா... எறங்கிட்டோம்.”

ஒரு விரல் விட்டது.

இன்னொன்று.

ஐந்தும்.

ஏதோ ஒன்று அவள் முழங்காலை உரசிக்கொண்டு போனது. ஸ்விங் கதவு தானாக ஒரு முறை ஆடி நின்றது. மணி 2.44.

ஆபரேஷன் முடிந்து விளக்கு எரிவதற்குள் ஜெயஸ்ரீ எழுந்து வாஷ்பேசினுக்கு ஓடினாள். வெளிச்சத்தில் கையை விரித்துப் பார்த்தாள். உள்ளங்கை ரேகைகளில் மணல் இருந்தது. கடல் வாசனையும் டீசல் வாசனையும் அடித்தது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள்.

4.20-க்கு டாக்டர் அவளைக் கூப்பிட்டு, ஆபரேஷன் நன்றாக முடிந்தது, கண் தப்பித்தது, போய்ச் சொட்டு மருந்து நேரத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள் என்றார். போகாமல் இருக்க முடியவில்லை. வார்டில் தாமோதரன் கண்கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி அங்காளம்மாள் டீயை ஆற்றி ஆற்றி அவருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிரேம் ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவருடைய சட்டையின் இடது கை, முழங்கைக்குக் கீழே காலியாக மடித்துப் பின் குத்தியிருந்தது.

ஜெயஸ்ரீ கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஐயா... உங்க இடது கை?”

“அது போயி பன்னெண்டு வருசம் ஆவுது மா,” என்றாள் அங்காளம்மாள். “டாக்டருக்குத் தெரியுமே.”

“நீங்க தோளப் புடிச்சிருக்கீங்கன்னு நெனச்சேன் அக்கா,” என்றான் பிரேம்.

அங்காளம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள். “இவரு தம்பி தனசேகரு. வல இழுக்க சொல்ல கடல்ல உழுந்துட்டான். இவரு கைய நீட்டுனாரு. புடிச்சிகினான். அந்த நேரம் பாத்து கயிறு இவரு கையில சுத்திகிச்சு. போட்டு ஒரு பக்கம் இழுக்குது, அவன் ஒரு பக்கம் இழுக்குறான். கையி அவனாண்டயே போயிடுச்சு. அவன் ஒடம்பு கூட கெடைக்கல மா.”

ஜெயஸ்ரீ பெரியவர் பக்கம் குனிந்தாள். “ரெண்டு தடவ அமுக்குனீங்களே ஐயா...”

“நான் எங்க மா அமுக்குனேன்?” என்றார் தாமோதரன். “இருமல் வர்றதே எனக்குத் தெரியாது. சோத்துக்கையில குளுக்கோஸு குத்திகீது. என் கைய யாரும் புடிக்கவே இல்ல.”

அவள் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“ஆனா நீ பேசுனது கேட்டுகினே இருந்தேன். பயமே இல்ல. கரை வந்துடுச்சு, எறங்குன்னு சொன்னியே மா... அது யாராண்ட சொன்ன?”

ஜெயஸ்ரீ தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

“எறங்கிட்டானா?”

பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டார். மெல்ல வலது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து, இடது பக்கம் ஓர் ஆள் உட்கார இடம் விட்டார்.

“இன்னாத்துக்கு நவுர்ற?” என்றாள் அங்காளம்மாள்.

அந்த இடத்தில் மெத்தை மெல்ல அமுங்கியது. ஜெயஸ்ரீ பார்த்தாள். பிரேமும் பார்த்தான்.

மணி 4.26.