செம்புக் கம்பித் தையல்

பிளாஸ்டிக் உருகும் வாடை மூக்கைக் குத்தித் தொண்டையில் கசப்பாக இறங்கும், ஊட்டிக் குளிரில் அது துணிமணியில் ஏறிக்கொண்டால் துவைத்தாலும் லேசில் போகாது. ஆனாலும் அந்த வாடை எங்காவது வந்தால் நான் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை, நின்று ஒரு மூச்சு இழுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் அம்மா தோற்க மறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் வாடை.

தொண்ணூறுகளின் நடுவில், நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, ஊட்டியில் காந்தல் பகுதியில் குடியிருந்தோம். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு மலைப்பாதையில் பர்லியாருக்கு மேலே ஒரு வளைவில் லாரி மோதி இடுப்பு முறிந்தது. அதன்பிறகு ஸ்டியரிங் முன்னால் கொஞ்ச நேரம்கூட அவரால் உட்கார முடியவில்லை. பழுது பார்த்தபின் வாசலில் சும்மா நின்ற அவருடைய வெள்ளை ஆம்னி வேனை அம்மா ஓட்டக் கற்றுக்கொண்டாள், லைசென்ஸ் வாங்கினாள், தெருப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப் போகத் தொடங்கினாள். அதுவரை "ஸ்கூல் ட்ரிப்பு" முழுவதும் தெருமுனை வேன் ஸ்டாண்டு ஆண்களின் கையில் இருந்தது. எங்கள் வேன் அந்த வழியாகப் போகும்போது அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். சிலர் சிரிப்பார்கள், ஒருவர் வேண்டுமென்றே நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள்வார். அவர்களில் மூத்தவரான செல்வராஜ் ஒருநாள் எங்கள் வாசலுக்கே வந்தார்.

"ஏனுங்க அக்கா, ஊட்ல ஆம்பள இருக்கையில நீங்க எதுக்குங்க இந்த மலையில வண்டி ஓட்டிட்டு? அத்தனையும் பிள்ளைங்க உசுருங்க."

"என்ற பிள்ளையும் அதே வண்டியிலதானுங்க வருது" என்று சொல்லிவிட்டு அம்மா கண்ணாடியைத் துடைப்பதைத் தொடர்ந்தாள்.

அடுத்த சனிக்கிழமை காலை வேனின் கதவு திறந்து கிடந்தது. டேஷ்போர்டு ஸ்டியரிங் ஓரத்திலிருந்து மறுகோடி வரை பிளந்து, மீட்டர் பெட்டி வயரோடு வெளியே தொங்க, கறுப்புத் துண்டுகள் சீட்டெல்லாம் சிதறியிருந்தன. எதுவும் திருடு போகவில்லை. இரும்பால் ஓங்கி அடித்த தடம் மட்டும் இருந்தது. செல்வராஜ் அன்றைக்கு வலது கையில் துணியைச் சுற்றிக்கொண்டு ஸ்டாண்டில் நின்றார். தெருவுக்கே தெரியும், சாட்சி சொல்லத்தான் ஆளில்லை. மெக்கானிக் வந்து பார்த்து, புதிய டேஷ்போர்டு கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும், ஒரு வாரமாவது ஆகும் என்றார். அதற்குள் ஸ்டாண்டு ஆட்கள் வீடு வீடாகப் போய், திங்கட்கிழமையிலிருந்து பிள்ளைகளைத் தாங்களே ஏற்றிக்கொள்வதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

"வண்டிய வித்துரலாம் ஸ்டெல்லா. இவனுங்களோட மல்லுக்கு நிக்க நம்மளால ஆகாது" என்றார் அப்பா அம்மாவிடம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அம்மா கோயில் சேலையோடேயே ரேடியோக் கடைக்காரர் வீட்டுக்குப் போய், ஈயம் பற்றவைக்கும் சூட்டுக்கம்பியை இரவல் வாங்கிவந்தாள். வீட்டு ஜன்னல் வழியாகக் கரண்ட் வயர் இழுத்து வேனுக்குள் உட்கார்ந்து, பிளவின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளை சுட்டாள். அந்தத் துளைகளில் செம்புக் கம்பியைக் கோத்து, கிழிந்த சாக்கைத் தைப்பதுபோல் தைக்கப் பார்த்தாள். பின்பக்கம் போன கம்பி மட்டும் கைக்கு எட்டவில்லை. வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்த அப்பா, திடீரென்று எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, வேனின் தரையில் மல்லாக்கப் படுத்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார்.

"என்னங்க, உங்க இடுப்பு..."

"இடுப்பு கெடக்குது. கம்பிய இந்தப் பக்கம் தள்ளு."

நான் சீட்டில் சிதறிய துண்டுகளைப் பொறுக்கிக் கொடுக்க, அம்மா அவற்றையே உருக்கி இடைவெளிகளை அடைத்தாள். புகையில் மூன்று பேருக்கும் கண்ணில் நீர் வழிந்தது. மாலையில் மீட்டர் பெட்டி ஆடாமல் உட்கார்ந்தது. ஆனால் குறுக்காக ஓடிய அந்தத் தையல் பார்க்க அசிங்கமாக இருந்தது. அப்பா ஒரு பூப்போட்ட துண்டைக் கொண்டுவந்து அதன்மேல் விரித்தார். அம்மா அதை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

"மூடுனா நாம ஏதோ தப்பு செஞ்ச மாதிரி இருக்குமுங்க. அப்பிடியே கெடக்கட்டும்."

திங்கட்கிழமை காலை அம்மா என்னையும் ஏற்றிக்கொண்டு நேராக ஸ்டாண்டுக்குப் போய், அவர்களுடைய வண்டிகளுக்கு முன்னால் வேனை நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, எல்லோரும் எட்டிப் பார்த்து முடிக்கும்வரை ஸ்டியரிங்கில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். பிறகு ஹாரன் அடித்துவிட்டுப் புறப்பட்டாள். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அன்று வரவில்லை. மற்றவர்கள் ஏறிக்கொண்டார்கள்.

அந்த மழைக்காலத்தில் செல்வராஜின் மனைவி மகள் ரோஸியைக் கூட்டிக்கொண்டு வந்தார். "மத்த வண்டியெல்லாம் மூடுபனியில பறக்குதுங்க அக்கா, பயமா இருக்கு. இவ உங்களோட வரட்டுமுங்க" என்றார். அம்மா முன்கதவைத் திறந்தாள். முன்சீட்டில் என்னோடு நெருக்கி உட்கார்ந்த ரோஸி, தையல்மேல் விரலை ஓட்டிக்கொண்டே, "இத யாருங்க ஆன்ட்டி ஒடச்சாங்க?" என்று கேட்டாள். எனக்கு நாக்கு நுனிவரை பெயர் வந்துவிட்டது. அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளிவிட்டு, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஒருத்தருக்குக் கோவம் வந்துச்சு, ஒடச்சாரு. எனக்கும் கோவம் வந்துச்சு, நான் தச்சுட்டேன்."

ரோஸி வீட்டில் போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். அதன்பிறகு செல்வராஜ் எங்கள் வேனைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வார்.

இப்போது அந்த ஸ்டாண்டு இருந்த இடத்தில் லாட்ஜ் எழும்பியிருக்கிறது, பிள்ளைகள் மஞ்சள் பேருந்துகளில் போகிறார்கள், வேன் எந்தப் பழைய இரும்புக் குவியலில் கிடக்கிறதோ தெரியாது. போன மாதம் சேரிங்கிராஸ் சந்திப்பில் நின்றிருந்தபோது, சுற்றுலா டாக்ஸி ஒன்றை ஓட்டிக்கொண்டு ஒரு இளம்பெண் என்னைக் கடந்து போனாள். சுற்றிலும் பார்த்தேன், டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு ஆண்கூடத் தலையைத் திருப்பவில்லை. என் சிறுவயதிலிருந்து காணாமல் போனவற்றில், திரும்பி வரவே கூடாது என்று நான் விரும்புவது அந்தப் பார்வைதான்.