சிங்கன் லாகரில் நனைந்த வெள்ளை உடுப்புகள்

ஞானமலருக்குப் பயம் புதிதில்லை. ஆனால் வெள்ளைச் சட்டைகளை நினைத்து அவள் பயந்தது அந்த வருடம்தான்.

பேர்லின் நொய்கெல்னில் இருந்த தன் வீட்டிலிருந்தே, கத்தோலிக்கக் கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும், அதாவது முதல் நன்மை எடுக்கும், பெண்பிள்ளைகளுக்கான வெள்ளை உடுப்புகளை அவள் இணையத்தில் விற்றுவந்தாள். தைத்து வருவது திருப்பூரிலிருந்து. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் சுவிஸ் தமிழ்த் தாய்மார். பிரான்சுக்கு அனுப்பினால் பார்சல் நேரே வீட்டுக்குப் போய்விடும். சுவிசுக்கு அப்படியில்லை, எல்லையில் சுங்கம் உண்டு. 2005இல் லொசானுக்குப் போன உடுப்பொன்று சுங்கத்திலேயே கிடந்து, பூசை முடிந்த பிறகுதான் கிடைத்தது.

"என்ர பிள்ளை மட்டும் பள்ளிக்கூடம் போற சட்டையோட வரிசையில நிண்டவள், அக்கா" என்று அந்தத் தாய் தொலைபேசியில் அழுதாள். திட்டியிருந்தாலும் ஞானமலர் தாங்கியிருப்பாள்.

அடுத்த வருடத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டியிருந்தது. மற்றவர்களின் சரக்கை வைத்திருந்து, ஓடர் வர வரப் பொதிசெய்து அனுப்பும் கிடங்குகள் இருந்தன. ஜெர்மனில் லாகர் என்பார்கள். போலந்தில் ஒன்று மலிவு. சுவிஸ் எல்லையோரம் சிங்கன் என்ற ஊரில் இன்னொன்று. அங்கே கெல்லர் என்ற பெண்மணி சுங்கப் பத்திரங்களைத் தானே எழுதி, பொதிகளைத் தன் வான் வண்டியில் ஏற்றி எல்லைக்கு அப்பால் கொண்டுபோய்ச் சுவிஸ் தபாலிலேயே சேர்ப்பிப்பாள்.

"போலந்துக்காரனுக்குக் குடும், மலிவுதானே" என்றார் கணவர் றெஜினோல்ட். உணவகச் சமையலறையில் வேலை செய்பவர்.

"மலிவு சரி. அவையளும் சுவிசுக்குத் தபாலிலதானே போடுவினம்? திரும்பவும் சுங்கத்தில கிடந்தால்?"

"அப்ப சிங்கன்தான். ஏன் முகம் கறுக்குது?"

"எல்லாத்தையும் முன்பின் தெரியாத ஆக்களிட்டக் குடுத்துப்போட்டு, நான் இஞ்ச இருந்து என்னத்தைப் பாக்கிறது?"

ஆனாலும் கொடுத்தாள். 2006 மாசியில் பெட்டிகள் சிங்கனுக்குப் போயின. சரக்கு அடுக்கியிருந்த அறை வெறுமையானதும் அவளுக்கு நித்திரை போய்விட்டது.

ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனன்று பேர்ணிலிருந்து ஒரு தாய் தொலைபேசி எடுத்தாள். "பார்சல் இன்னும் வரேல்லை அக்கா. வாற கிழமை ஞாயிறு நன்மை." ஞானமலர் சிங்கனுக்கு அடித்தாள். மணி போகவேயில்லை. மறுபடியும் மறுபடியும் அடித்தாள். பிறகு பெரிய வெள்ளி, உயிர்ப்பு ஞாயிறு, திங்களும் விடுமுறை. லாகரைப் பூட்டிக்கொண்டு ஓடிவிட்டார்களா? கோயிலில் எல்லாரும் பாடும்போது, வரிசையில் வண்ணச் சட்டையோடு நிற்கும் பிள்ளைகளே அவள் கண்ணுக்குள் வந்தார்கள்.

செவ்வாய் காலை றெயில் ஏறினாள்.

அடுத்த நாள் லாகர் வாசலில் நின்றபோது, திறந்த கதவால் ஈரக் கடதாசி நாற்றம் வந்தது. முழங்கால்வரை சேறு பூசிய சப்பாத்தோடு வெளியே வந்த கெல்லர், இவளைக் கண்டதும் தலையில் கைவைத்தாள்.

"போன கிழமை தண்ணீர்க்குழாய் வெடித்துவிட்டது. தொலைபேசி, கணினி எல்லாம் போய்விட்டன. உங்கள் இலக்கமும் அதற்குள்தான்."

ஞானமலர் உள்ளே போனாள். ஊறிச் சரிந்து கிடந்த பெட்டிகளின் முன் குந்திக் கைகளால் கிழித்தாள். ஒவ்வொரு உடுப்பும் பொலித்தீன் உறைக்குள் இருந்தது. முதலாவது காய்ந்திருந்தது. இரண்டாவதும் அப்படியே. அடியிலிருந்த சிலவற்றில்தான் பழுப்பு நீர் ஏறியிருந்தது. நனையாதவற்றை இருவருமாகப் பிரித்துப் புதிதாகப் பொதிசெய்தார்கள்.

கெல்லர் தயங்கினாள். "பத்திரம் முழுக் கணக்குக்கு எழுதியது. இப்போது குறைகிறது. எல்லையில் கேட்டால் சரக்குக்குரியவர் சொன்னால்தான் நல்லது. சாரதியோடு வானில் போவீர்களா?"

ஞானமலர் உடனே ஏறவில்லை. எண்பத்தாறில் கடவுச்சீட்டில்லாத அகதியாய்ப் பாசல் எல்லையில் பிடிபட்டு, பகல் முழுவதும் மர வாங்கில் இருத்தி வைக்கப்பட்டு, திருப்பி அனுப்பப்பட்டவள் அவள். இப்போது கைப்பையில் ஜெர்மன் கடவுச்சீட்டு இருந்தும், அதற்குப் பிறகு எந்த எல்லையையும் தரை வழியாகக் கடந்ததில்லை.

ஏறினாள்.

எல்லையில் சுங்க அதிகாரி பத்திரத்தையும் பொதிகளையும் மாறிமாறிப் பார்த்தான். "மிச்சம் எங்கே?"

இருபது வருடம் பேசிய ஜெர்மன் வரவில்லை. "நனைஞ்சு போச்சு" என்றாள் தமிழில். சாரதி திரும்பிப் பார்த்தான். அதிகாரியின் முகம் இறுகியது. "இறங்குங்கள்."

இறங்கியவள், பின்கதவைத் திறந்து, ஒரு பொதியைப் பிரித்து, உடுப்பை உயர்த்திப் பிடித்தாள். பொலித்தீன் சரசரத்தது.

"ஞாயிற்றுக்கிழமைக்கு" என்றாள் ஜெர்மனில். "பிள்ளைகளுக்கு. மற்றவை தண்ணீரில் கெட்டுவிட்டன."

அவன் உடுப்பைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு கணக்கை வெட்டித் திருத்தி, பக்கத்தில் அவளைக் கையெழுத்திடச் சொல்லி, முத்திரை குத்தினான்.

எல்லைக்கு அப்பால் சாவ்ஹவுசன் தபாலகத்தில் கடைசிப் பொதியையும் கொடுத்த பிறகு அவள் றெஜினோல்டுக்கு எடுத்தாள். "போட்டாச்சு" என்பதற்குமேல் சொல்ல ஏலாமல் விம்மினாள்.

எல்லாம் ஞாயிறுக்கு முன் கிடைத்தன, ஒன்றைத் தவிர. லுசேர்னுக்குரிய பெரிய அளவு நனைந்தவற்றுக்குள் போயிருந்தது. அந்தத் தாய்க்கு அவளே எடுத்துச் சொன்னாள். அந்தப் பிள்ளை யாரோ ஒரு மச்சாளின் பழைய உடுப்போடு நன்மை எடுத்தது.

அடுத்த வருடமும் சிங்கனையே தெரிந்தெடுத்தாள். ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்குமுன் பொதிகள் எல்லை தாண்ட வேண்டும் என்று கெல்லரிடம் சொல்லிவிட்டாள். தாண்டும்போது வானின் முன்னிருக்கையில், கடவுச்சீட்டை மடியில் இறுகப் பிடித்தபடி, அவளும் இருந்தாள்.