மஞ்சள் விளக்கும் சம்பந்தியின் உளுந்தும்

அன்று காலை தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. துண்டித்தேன். மறுபடி வந்தது, மறுபடியும் துண்டித்தேன். "தெரியாத நம்பர எடுத்தீங்கன்னா பேங்க்ல இருக்கறது போயிடும் சம்பந்தி" என்று எனக்குப் பாடம் சொன்னவர் கலியபெருமாள். விடாமல் அடிக்கவே எடுத்து, "யாரு நீ?" என்று எரிந்து விழுந்தேன். பேசியது கீழ்வேளூர்ப் பக்கம் அவர் ஊரில் அடுத்த வீட்டில் இருக்கும் அஞ்சம்மாள். கலியபெருமாள் விடியற்காலையில் போய்விட்டார் என்றாள். அப்போதும் நான் நம்பவில்லை. "யாரு சொல்லிக் குடுத்து இப்படிப் பேசுற?" என்றேன். அவள் அழ ஆரம்பித்த பிறகுதான் நம்பினேன்.

அவரை அறிந்த உங்களுக்கு இதில் வியப்பு இருக்காது. தராசையும் நம்பமாட்டார், தராசைப் பிடித்த கையையும் நம்பமாட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் காப்பியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். நானும் லேசுப்பட்டவன் இல்லை. தாலுகா அலுவலகத்தில் பட்டா மாறுதல் மனுக்களைப் பார்த்தே ஓய்வு பெற்றவன். எவன் எந்த வரப்பை எப்போது நகர்த்தினான் என்று யோசித்தே தலை நரைத்தவன். இப்படிப்பட்ட இருவரைச் சம்பந்திகளாக்கிய தரகரை இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

என் மகன் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் மனைவி, அதாவது கலியபெருமாளின் ஒரே மகள் தமிழரசி, தஞ்சாவூரில் எங்களோடு இருந்து கல்லூரிக்கு வேலைக்குப் போகிறாள். அவள் அம்மா முன்பே காலமாகிவிட்டதால் ஊரில் அப்பா தனி ஆள். விடுமுறையில் வந்துபோக வசதியாக இருக்கட்டும் என்று தான் ஓட்டிக்கொண்டிருந்த காரையே மகளுக்குக் கொடுத்துவிட்டார். ஒரு பங்குனியில், ஊருக்குப் போய்த் திரும்பியவளின் வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால், குட்டி இன்ஜின் படம் போட்ட விளக்கு.

பாழாய்ப்போன வண்டியை மகள் தலையில் கட்டிவிட்டார் என்று எனக்கு உடனே தோன்றியது. போனில் பட்டும் படாமலும் சொன்னேன். "எங்கிட்ட இருந்த வரைக்கும் ஒருநாளும் எரியலீங்களே. அங்க வந்துதானே எரியுது" என்றார். பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியாகத் திருகினோமா என்று கேட்டார். திருகியிருந்தது. அப்படியென்றால் எங்கள் தெரு பங்க்கில் கலப்படம் என்றார். மெக்கானிக் ஸ்கேனரைச் செருகிப் பார்த்து, புகைக் குழாய் பக்கத்து சென்சார் கோளாறு என்று சொல்லி விளக்கை அணைத்தான். அடுத்த முறை ஊருக்குப் போய் வந்ததும் விளக்கு மறுபடி எரிந்தது. சென்சாரையே மாற்றினோம். அப்புறமும் எரிந்தது.

மெக்கானிக்கும் நானும் கூட்டு என்று அவர் முடிவுகட்டினார். தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனரைத் தாமே வரவழைத்து மகளிடம் கொடுத்தனுப்பினார். அதைச் செருகினால் கோளாறு போனில் தெரியும். அதுவும் அதே சென்சாரைத்தான் காட்டியது. கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்கு மறக்காது: "எங்க வலிக்குதுன்னுதான் அது சொல்லுது சம்பந்தி. யாரு அடிச்சதுன்னு சொல்லல பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. அடித்தது நான்தான் என்கிறாரா? இனிமேல் இந்த வண்டி கீழ்வேளூர்ப் பக்கம் போகாது, விற்றுவிடுவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். தமிழரசி சாவியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "உங்க ரெண்டு பேரு நெஞ்சுலயும் இப்படி ஒரு லைட் வச்சா அணையவே அணையாது மாமா" என்று மட்டும் சொன்னாள். அன்று அவள் சாப்பிடவில்லை. இரண்டு பஸ் மாறிப் போய் அப்பாவைப் பார்ப்பது எத்தனை நாளைக்கு நடக்கும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சேதி தெரிந்து அவரே கூப்பிட்டார். "விக்கறதுக்கு முன்னாடி ஒருதரம் நீங்களும் அதுல வாங்க. உங்க கண்ணு முன்னாடியே பாத்துடுவோம்." விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினோம். திருவாரூர் தாண்டும்வரை நான் சாலையைப் பார்க்கவே இல்லை, அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். எரியவில்லை. அவர் ஊர் மதகைத் தாண்டித் திரும்பினால் ரோடு முழுக்க உளுந்துச் செடி. நம் பக்கத்து வழக்கம்தான். அறுத்த செடியை ரோட்டில் பரப்பிவிட்டால் போகிற வருகிற வண்டி மிதித்துக் காய் உதிர்ந்துவிடும். சரசரவென்று அதன்மேல் ஏறி அவர் வாசலில் நிற்கும்போது விளக்கு எரிந்தது.

அவர் வெள்ளை வேட்டியோடு ரோட்டில் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டார். அங்கே எதையோ பிடித்து இழுத்தார். வெளியே வந்தபோது கையில் ஒரு பிடி காய்ந்த உளுந்துக்கொடி. சென்சார் ஒயரில் சுற்றிக்கொண்டு அதை இழுத்துவிட்டிருந்தது. "யாரு உளுந்து சம்பந்தி இது?" என்றேன். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. "நம்மளுதுதாங்க. ஊரெல்லாம் திருடனத் தேடினேன், அவன் என் வாசல்லயே காஞ்சிக்கிட்டுக் கெடக்கான்" என்றார். வாய்விட்டுச் சிரித்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. வண்டியை விற்கும் பேச்சு அன்றோடு போயிற்று.

அதன்பிறகு நாங்கள் வருகிற நாளெல்லாம் கையில் நுனி இரண்டாகப் பிரிந்த கவைக்கம்போடு மதகடியில் நிற்பார். வண்டியைக் கண்டதும் செடியை ஒதுக்கி வழி விடுவார். உளுந்து முடிந்தால் எள், எள் முடிந்தால் வைக்கோல் என்று எப்போதும் ஏதாவது ஒன்று ரோட்டில் கிடக்கும். என் புத்தி சும்மா இருக்குமா? அவர் வீட்டுக்குப் பின்னால் நல்ல சிமெண்ட் களம் இருக்கிறது. "களம் இருக்கையில ரோடு எதுக்கு சம்பந்தி? இதுல என்னமோ இருக்கு" என்று ஒருநாள் கேட்டேன். "சந்தேகம் நல்லதுதாங்க. அத அப்படியே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

சேதி வந்த அன்று தமிழரசிதான் ஓட்டினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மதகைத் தாண்டியதும் ரோடு முழுக்க உளுந்து. வண்டியை நிறுத்திவிட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் நிறுத்திவிட்டாள். யாரும் வரவில்லை. அவளுக்கு அது உறைத்தபோது எழுந்த சத்தத்தை நான் இங்கே எழுதமாட்டேன்.

நான் இறங்கினேன். மதகுச் சுவரில் சாத்தியிருந்த கவைக்கம்பை எடுத்துச் செடியை ஒதுக்க ஆரம்பித்தேன். அஞ்சம்மாள் ஓடிவந்தாள். "இன்னிக்குப் பாப்பா வருதுன்னு நேத்து சாயங்காலம் அவரே பரப்புனதுங்கய்யா. பாப்பா வர்ற நேரத்துக்குத்தான் ரோட்டுல போடுவாரு. மத்த நாளெல்லாம் களத்துலதான். சும்மா நின்னா மகளுக்காக ஏங்கி நிக்கறான்னு ஊரு நெனைக்கும்ல?"

அந்தக் கம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை மாலையில் தமிழரசி கல்லூரியிலிருந்து வரத் தாமதமானால் அதை எடுத்துக்கொண்டு போய் வாசலில் நிற்கிறேன். எங்கள் தெருவில் ஒதுக்க ஒன்றுமில்லை. யாராவது கேட்டால் நாய் விரட்ட என்று சொல்கிறேன்.